காலில் வளையம் போட்ட கிளுவை

கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்தக் கிளுவைப் பறவையைப் பார்த்ததும் சுப்பராயலு இரண்டடி பின்வாங்கினார். ஒரு இறக்கை ஒடிந்து தொங்கியது. காலில் தகர வளையம். வளையத்தில் ஏதோ எழுத்து.

மழை ஓய்ந்து ஏரிக்கு வரும் கிளுவை, நாரை எதையும் அவர் நம்பியதில்லை. எந்தச் சீமையிலிருந்து வருகிறது, யார் அனுப்பி வருகிறது என்று ஒரு கேள்விமுறை இல்லாமல் வந்து குந்துகிற கூட்டம். அதுவும், சப்பான்காரன் குண்டு போடுவான் என்று மெட்ராஸே பாதி காலியான வருஷம் அது. திண்டிவனம் சந்தையில் எங்கே நின்றாலும் வேவுக்காரன் பேச்சுதான்.

“வேவு பாக்கற பட்சிடி இது,” என்றார் மனைவி கெங்கம்மாளிடம், குரலை அடக்கி. “போலீஸ் பாத்தா என்னைக் கட்டி இஸ்துக்கினு பூடுவான்.”

“வாத்தாட்டம் கீது. கொழம்பு வெச்சா தீந்துது.”

“துன்னா வயித்துல வெடிக்கும். வாயை மூடு.”

அன்று பொழுது சாய, பக்கத்து வீட்டுத் தேவநாதனின் வேலிக்குள் அதைத் தள்ளிவிட்டு வந்தார். மறுநாள் விடிந்ததும் அது கோழிக்கூண்டருகே உட்கார்ந்து, தலையைச் சாய்த்து அவரைப் பார்த்தது.

ஏரிக்கு அந்தண்டை, கண்ணையன் களத்து வைக்கோற்போரில் ஒளித்துவிட்டு வந்தார். அடுத்த விடியலில் மறுபடியும் கூண்டருகே. இப்போது பசியோடு வேறு கத்தியது.

“ஒடிஞ்ச றெக்கையை வெச்சிக்கினு எப்பிடிங்க பறந்து வருது?” கெங்கம்மாளும் இப்போது குரலை அடக்கிக் கேட்டாள்.

“காலு வளையத்துல மிஷின் இருக்கு. அதான்.”

கோணியில் கட்டித் தூக்கிக்கொண்டு, வளவனூர்ப் பக்கம் எங்காவது தொலைத்துவிடலாம் என்று ஜல்தியாகக் கிளம்பினார். தெருமுனையில் ஊர்த் தலையாரி சின்னதுரை எதிரே வந்தான்.

“கோணில இன்னா மாமா?”

“மல்லாட்டை, செக்குக்கு.”

கோணி ‘கெக்கெக்’ என்றது.

சின்னதுரையின் முகத்தில் ரத்தமே இல்லை. மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்காமல் திரும்பி, வந்த வழியே விடுவிடென்று போய்விட்டான். போலீசுக்குச் சொல்லத்தான் ஓடுகிறான் என்று சுப்பராயலுவுக்குப் பட்டது. விலங்கு மாட்டிக்கொண்டு போவதைவிட நாமே போய் ஒப்படைத்துவிட்டால் ஒருவேளை அடியாவது குறையும்.

தலையாரி வீட்டு வாசலில் கோணியை அவிழ்த்து, கிளுவையை இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டு நின்றார். “மாப்ளே, எனக்கு ஒண்ணும் தெரியாது. இது தானா வந்துது. எத்தினி தபா வுட்டாலும் திரும்பி வருது.”

உள்ளே நெற்குதிருக்குப் பின்னாலிருந்து சின்னதுரையின் பாதம் மட்டும் தெரிந்தது. அது வெளியே வரவில்லை. அவன் மனைவி பாஞ்சாலிதான் வந்தாள். கிளுவையைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டு நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“நீங்களுமா மாமா? நீங்க எங்க போட்டாலும் தலையாரியாச்சேன்னு எங்க வூட்லதான் கொண்டாந்து குடுக்கறானுங்க. போலீசாண்ட கொண்டுபோகப் பயந்துக்கினு, நீங்க யாரையும் நம்பாத மனுசன், வெளிய மூச்சு வுடமாட்டீங்கன்னுதானே இவரு ராவோட ராவா உங்க கூண்டாண்ட கொண்டாந்து வெச்சிக்கினு இருந்தாரு.”