கிஜிட்டோவில் குப்பைத் தட்டுப்பாடு

"இங்க குப்பை பத்தாது."

மொரா அக்கா கடையில் டீக்கு நின்றபோது என் முதுகுக்குப் பின்னால் யாரோ இப்படிக் கவலைப்பட்டார்கள். திரும்பினேன். புத்தம்புது ரப்பர் பூட்ஸ் போட்ட ஒருவர் சாக்கடையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நைரோபியில் எங்கள் கிஜிட்டோ குடிசைப் பகுதியைப் பற்றி எத்தனையோ குறைகள் காதில் விழுந்திருக்கின்றன. இது புதிது.

அவர் பெயர் கிப்லகாத். ஒரு பெரிய வங்கியின் சமூகப் பொறுப்புத் துறை அதிகாரி. வங்கியின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. இப்போது எங்கள் எல்லோருடைய பனியன் முதுகிலும் அது இருக்கிறது. 'சாக்கடை மீட்பின் வழியே நகர்ப்புற ஏழை மகளிருக்கு அதிகாரமளித்தல்' என்ற திட்டத்துக்குத் தலைமையகம் ஒப்புதல் தந்துவிட்டது. ஒப்புதலுக்கு அனுப்பிய பழைய போட்டோவில் குப்பை கரைபுரண்டிருந்தது. இப்போதோ சாக்கடையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

காரணம் மொரா அக்கா. மந்தாசி என்கிற இனிப்புப் போண்டாவைப் பொரித்து டீயோடு விற்பவர். மூக்கைப் பிடிப்பதா மந்தாசியைப் பிடிப்பதா என்று வாடிக்கையாளர்கள் தவித்ததைப் பார்த்து, வேலையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்த எங்கள் பகுதிப் பையன் முசியோகாவையும் அவன் கூட்டாளிகளையும் கூப்பிட்டார். சனிக்கிழமைதோறும் பையன்கள் குப்பையை அள்ளினார்கள். அக்கா வயிறு நிறைய மந்தாசி போட்டார். நாற்றம் போனது. கரையில் இரண்டு பெஞ்சுகள் வந்தன. ஜனம் உட்கார்ந்து சாப்பிட்டது. அந்தப் பெஞ்சுகளின் புண்ணியத்தில்தான் அக்காவின் மகள் மறுபடி பள்ளிக்கூடம் போனாள்.

"யாரு அனுமதியோட சுத்தம் பண்ணீங்க?" என்றார் கிப்லகாத்.

"எங்க மூக்கோட அனுமதிதான் சார்" என்றார் அக்கா.

அவர் சிரிக்கவில்லை. தாங்களாகவே அதிகாரம் பெற்றுவிட்டவர்களுக்கு அதிகாரம் அளிக்க விதியில் இடமில்லை என்று வருத்தத்தோடு விளக்கினார். வந்ததுதான் வந்தீர்கள், பிள்ளைகள் விழாமல் சாக்கடைக்கு ஒரு மூடி போட்டுத் தரலாமே என்று அக்கா கேட்டார். மூடினால் மீட்பு வெளியே தெரியாது என்றார் அவர். எங்கள் வட்டார சீஃப் அரசாங்கத் தொப்பியோடு வந்து சமாதானம் பேசினார். ஒரே ஒரு வாரம் அழுக்காக இருந்தால் குடிமுழுகிவிடாது, முன்னேற்றம் என்றால் கொஞ்சம் சகித்துக்கொள்ளத்தான் வேண்டும் என்பது அவர் கருத்து.

முதல் வேலையாகப் பின்படம் எடுக்கப்பட்டது. சுத்தமாக இருக்கும்போதே 'திட்டத்துக்குப் பின்' என்று எடுத்து வைத்துக்கொண்டால், பிற்பாடு சுத்தம் செய்கிற வேலை மிச்சம். அக்கா பெஞ்சில் உட்கார்ந்து, அதிகாரம் கிடைத்த முகத்தோடு சிரித்தார்.

அடுத்து முன்படத்துக்காகக் குப்பை தருவிக்கப்பட்டது. மந்தாசிக்காக அள்ளிய பையன்களுக்கு, கொட்டுவதற்குத் தினக்கூலி. இளைஞர் வேலைவாய்ப்பு என்று அதற்குப் பெயர். சந்தையிலிருந்து கைவண்டி கைவண்டியாக வந்ததை மோந்து பார்த்த கிப்லகாத், நிர்வாக இயக்குநருக்கு நாற்றம் ஒத்துக்கொள்ளாது என்றார். ஆகவே குப்பை கழுவப்பட்டது. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து புட்டிகளைச் சோப்புப் போட்டுத் தேய்த்தார்கள். பால் உறைகளைக் கொடியில் காயப்போட்டார்கள். எங்கள் வீட்டுத் துணிக்கு அன்று கொடியில் இடம் கிடைக்கவில்லை. திறன் பயிற்சியை வெற்றிகரமாக முடித்ததற்காக ஆளுக்கொரு பனியன் கொடுத்தார்கள். சாக்கடையில் எலுமிச்சை வாசம் வீசியது.

இயக்குநர் வந்தார். கையுறை மாட்டி ஒரு புட்டியை எடுத்தார். கைதட்டினோம். படம் சரியாக விழவில்லை என்றார்கள். புட்டியைப் பழைய இடத்தில் வைத்து மறுபடி எடுத்தார். அதற்குள் எந்தப் புட்டி என்பது குழம்பிவிட்டதால், முசியோகா இறங்கித் தேடிக் கொடுத்தான். பிறகு உரை. பிறகு கார்.

அக்கா கிப்லகாத்தின் பின்னாலேயே ஓடினார். "சார், இதையெல்லாம் யாரு அள்றது?"

"அள்ளியாச்சேம்மா" என்று அவர் செல்போனைக் காட்டினார். அதில் சுத்தமான கரையில், பெஞ்சில், அக்கா சிரித்துக்கொண்டிருந்தார். "நீங்களே இருக்கீங்க பாருங்க."

மழை பெய்தது. எலுமிச்சை போய், பழைய நாற்றம் உறவுக்காரர்களையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தது. பெஞ்சுகள் காலி. பள்ளிக்கூடம் மகளைக் கட்டணத்துக்காக வீட்டுக்கு அனுப்பியது. இன்றோ நாளையோ திரும்பக் கூப்பிடுவார்கள் என்று அவள் தினமும் சீருடை போட்டுக்கொண்டு கடைப் பெஞ்சில் உட்கார்ந்தாள். சனிக்கிழமை அக்கா மந்தாசித் தட்டோடு முசியோகாவைத் தேடிப் போனார்.

"பழையபடி அள்ளிக் குடுடா தம்பி."

"என்னக்கா விளையாடுறீங்களா? இது நம்ம முதலு. இதையும் அள்ளிட்டா அடுத்த வங்கிக்காரன் எதைப் பாத்து வருவான்?"

சொல்லிவிட்டு மந்தாசியை மட்டும் எடுத்துக்கொண்டான். பக்கத்தில் நின்ற பெண்கள், அடுத்த கழுவல் எப்போது, இந்தத் தடவை பனியன் கொஞ்சம் பெரிய அளவில் கிடைக்குமா என்று அக்காவிடமே விசாரித்தார்கள்.

முசியோகா சொன்னது பொய்யாகவில்லை. மாதம் முடிவதற்குள் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் வண்டி வந்து நின்றது. புது பூட்ஸ் போட்ட ஒரு பெண் கேமராவோடு இறங்கினாள். சாக்கடையைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"அம்மா, உங்களை ஒரு படம் எடுத்துக்கட்டுமா?"

அக்கா டீக் கெண்டியை இறக்கி வைத்தார்.

"முன்படமா, பின்படமா?"

"என்னதும்மா?"

"சுத்தம் பண்றதுக்கு முன்னாடி எடுக்கிறதா, பின்னாடி எடுக்கிறதா?"

அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தாள். "முன்னாடி."

அக்கா அடுப்பை அணைத்தார். இடுப்பில் கட்டியிருந்த நல்ல துணியை அவிழ்த்து மடித்து உள்ளே வைத்தார். பெஞ்சில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த மகளை எழுப்பி, சீருடையை மாற்றிவிட்டுச் செருப்பில்லாமல் வந்து நிற்கச் சொன்னார். பிறகு அந்தப் பெஞ்சைத் தூக்கிச் சாக்கடைக்குள் கவிழ்த்தார்.