தாய்மாமன் கல்யாணத்துக்கு வர முடியாத காரணம்

கிள்ளான்,
ஞாயிறு காலை, பசியாறிய பின்.

அன்புத் தங்கை தனலெட்சுமிக்கு,

அண்ணன் தம்புசாமி ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொள்வது. நானும் உன் அண்ணி லெட்சுமியும் இங்கு சுகம். செமினியில் நீயும் மச்சான் சிவநேசனும் மணப்பெண் ஷாமினியும் கல்யாண வேலைகளுக்கு நடுவே நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க அம்மன் துணை நிற்பாளாக.

போன வாரம் நீ போனில், "தாய்மாமன் மாலை போட்டுக் கூட்டிட்டு வராம எம்பொண்ணு எப்படி மணவறை ஏறுவா?" என்று கேட்டு அழுதாய். "அன்றைக்கு எனக்கு முக்கியமான மீட்டிங்" என்று நான் சொன்ன பதில் உனக்குத் திருப்தி அளிக்கவில்லை என்பதை, நீ பட்டென்று போனை வைத்ததிலிருந்து அறிந்துகொண்டேன். மீட்டிங் என்றது பாதிதான் உண்மை, அது எப்போதோ முடிந்துவிட்டது. ஆகவே விவரமாக எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் சொல்லியிருக்கலாம். ஆனால் ஒருத்தருக்கு அனுப்ப வேண்டியதைக் குடும்ப குரூப்புக்கே அனுப்பிவிடும் என் கைராசி உனக்குத் தெரியும்.

விஷயம் இதுதான். முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்காக ஆராய்ச்சி செய்யும் பி.எச்.டி. மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுக்கிற அறவாரியம் ஒன்று பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறது. யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்யும் குழுவில் புரொபசர்கள் மட்டும் போதாது, அடிபட்ட ஆள் ஒருவரும் உட்கார வேண்டும் என்பது அவர்கள் விதி. அந்தத் தகுதியை நான் ஆறு வருஷத்துக்கு முன்பே பெற்றுவிட்டேன் அல்லவா? கூரை ஒழுகுது, ஆளைக் கூப்பிடுங்க என்று உன் அண்ணி சொல்லச் சொல்ல, "இதுக்கெல்லாம் ஒரு ஆளா?" என்று மழையில் ஏணி போட்டு ஏறி, ஏறினதைவிட வேகமாக இறங்கி, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தவன் நான். எனக்கு பிசியோ செய்கிற பெண் ரமணி என் பெயரைக் கொடுத்துவிட்டாள்.

அழைப்பு வந்ததிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. பாசாரில் மீன்காரரிலிருந்து கோயில் தலைவர் வரைக்கும் "நான் இப்போ ஜட்ஜ்" என்று சொல்லியாகிவிட்டது. எதிர்வீட்டு வாசு, பார்க்கிங் சம்மனைத் தூக்கிக்கொண்டு வந்து, "அண்ணே, ஒரு வார்த்தை பேசிக் குறைச்சுக் குடுங்கண்ணே" என்றான். நானும் "பார்க்கலாம்" என்று வாங்கி மேசையில் வைத்துக்கொண்டேன், என் புத்தியைப் பார். உன் அண்ணி சொன்னாள்: "உக்காந்த இடத்துலயே இந்த ஆட்டம். நல்லவேளை, எந்திரிச்சு நிக்கல."

அந்த மீட்டிங் நாளும் வந்துச்சு. என் கல்யாணக் கோட்டை எடுத்து மாட்டினேன். பொத்தான் போட்டா மூச்சு விட முடியல, மூச்சு விட்டா பொத்தான் நிக்கல. முந்தின நாள் சாயந்தரத்துலேருந்தே பச்சைத் தண்ணி பல்லுல படல. வெளிய கிளம்பறதுன்னா அது என் வழக்கம், ஏன்னு அப்புறம் சொல்றேன். அங்க போனா நீள மேசை, ஏசி குளிர், புரொபசருங்க, நடுவுல ஒரு தலைவரம்மா. முதல்ல வந்தவன் ஷா ஆலம் பையன், பேரு பிரையன். காலை உள்ள விட்டு நடக்கிற மெஷின் செய்யறானாம். வீடியோ போட்டான். என்னை மாதிரி ஒருத்தர் அதுல எந்திரிச்சு நடக்கறாரு தனம்! எனக்குக் கண்ணு கலங்கிப் போச்சு. முழு மார்க் போட்டுட்டேன். அப்புறம் கேள்வி கேக்கணும்னாங்க. நமக்குத் தெரிஞ்ச கேள்விதானே நமக்கு வரும்? "அப்பா என்ன வேலை தம்பி? தாத்தா எந்தத் தோட்டம்?"னேன். "தாத்தா ரயில்வே அங்கிள்"னான். "பலே, அப்போ செந்தூல் பக்கமா? கல்யாணம் ஆயிருச்சா?"ன்னு சூடு பிடிக்கறதுக்குள்ள தலைவரம்மா கண்ணாடியக் கழட்டி, "மிஸ்டர் தம்பு, நாம மாப்பிள்ளை பாக்க வரல"ன்னுட்டாங்க.

அடுத்து வந்தது லோகேஸ்வரி, தெலுக் பங்லிமா காராங் பொண்ணு. அது கிட்ட வீடியோவும் இல்ல, மெஷினும் இல்ல. முதுகுத்தண்டு அடிபட்டா ஒண்ணுக்கு நம்ம கட்டுப்பாட்டுல இருக்காது, அந்த நரம்பை மறுபடி வழிக்குக் கொண்டு வரணும், அதுதான் என் ஆராய்ச்சின்னு தயங்கித் தயங்கிச் சொல்லுது. ஒரு புரொபசர், "நடக்க வைக்கிற ஆராய்ச்சியே இருக்கறப்போ இது அவ்வளவு அவசரமா?"ன்னு கேட்டுட்டு என்னைப் பாத்தாரு. எல்லாரும் என்னைப் பாத்தாங்க. நான் மேல ஓடற ஃபேனைப் பாக்கலாம்னா, ஏசி ரூம்ல ஃபேனும் இல்ல. "நடக்கறதுதான் சார் முக்கியம்"னு கௌரவமா சொல்லிடலாம்னு வாயைத் தெறந்தேன். நாக்கு மேல ஒட்டிக்கிச்சு. வறட்டு இருமல். தண்ணி கொண்டாந்தாங்க, கையால தள்ளிவிட்டேன். மறுபடி கொண்டாந்தாங்க, மறுபடி தள்ளினேன். அந்தப் பொண்ணு பேச்சை நிறுத்திட்டு என்னையே பாத்துது. "அங்கிள், வெளிய வர்றதா இருந்தா தண்ணி குடிக்க மாட்டீங்களா?"ன்னு மெதுவா கேட்டுச்சு.

எனக்கு வந்துச்சே கோவம்! "அது உனக்கு எதுக்கும்மா?"ன்னு கத்தினேன். அதோட விட்டிருக்கலாம். விடுவேனா? "ஆமா, நேத்துலேருந்து குடிக்கல! எப்போ வரும்னு எனக்கே தெரியாது, தெரியறப்போ நனைஞ்சிருக்கும்! நடக்கறது கெடக்கட்டும் லா, உக்காந்து பழகிட்டேன். அடுத்த மாசம் எந்தங்கச்சி மக கல்யாணம். மணவறையில ஊரே பாக்க வேட்டி நனைஞ்சா நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அங்க உக்காருவேன்? எனக்குக் காலு வேணாம். ஒரு கிளாஸ் பாயாசம் குடிச்சிட்டு முகூர்த்தம் முடியற வரைக்கும் பயமில்லாம உக்காந்திருக்கணும், அது போதும்!"னு கொட்டித் தீத்துட்டேன். தமிழ் தெரியாத புரொபசர்களுக்கு தலைவரம்மா அப்படியே மொழிபெயர்த்தாங்க, பாயாசத்தைக்கூட விடல. அப்புறம்தான் தெரிஞ்சுது, என் முன்னால இருந்த மைக்கை அமத்தவே இல்ல, வெளி ரூம் ஸ்பீக்கர்ல எல்லாம் கேட்டிருக்கு. காத்திருந்த பிள்ளைங்க, அவங்க அப்பா அம்மா, தே ஓ டீ கலக்கிட்டிருந்த மலாய்க்கார மக்சிக், ஒருத்தர் பாக்கியில்ல. நான் வெளிய வந்தப்போ மக்சிக், "சபார் பக்சிக், சபார்"னு, பொறுமையா இருங்கன்னு ஆறுதல் சொன்னாங்க.

உதவித்தொகை லோகேஸ்வரிக்குத்தான். பிரையனை அடுத்த வருஷம் வரச் சொன்னாங்க, பாவம். நான் அந்தப் பொண்ணை லிஃப்ட் கிட்ட மடக்கி, "எப்போம்மா முடியும்?"னேன். "மூணு வருஷம் எலிகளுக்கு அங்கிள், மனுஷங்களுக்கு அதுக்கப்புறம்தான்"னுச்சு. கேட்டியா? எந்த எலி மணவறைக்குப் போவுது? அதுக்குத்தான் முதல்ல சரியாகுமாம்.

ஆகவே தங்கையே, ஷாமினியும் மாப்பிள்ளையும் ஒரு நாலு வருஷம் பொறுத்துக்கொள்வார்கள் என்றால் சொல், ஹால்காரரிடம் நானே பேசுகிறேன். இல்லையென்றால் மாலையை வாசுவிடம் கொடுத்தனுப்புகிறேன். சம்மன் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, மறுக்க மாட்டான். வர ஆசை இல்லாம இல்ல தனம். அவ பொறந்தன்னிக்கு ஆஸ்பத்திரியில முதல்ல கையில வாங்கினவன் நான். அதை நெனைச்சா அழுகைதான் வருது.

ஷாமினிக்கு என் பரிபூரண ஆசிகள். நல்ல புருஷனோடும் ஒழுகாத கூரையோடும் வாழட்டும். ஒழுகினால் ஆளைக் கூப்பிடட்டும்.

இப்படிக்கு,
வர இயலாத உன் அண்ணன்,
தம்புசாமி

பி.கு.: ஒட்டறதுக்கு முன்னாடி உன் அண்ணி இதைப் படிச்சிட்டா. "கூடப் பொறந்தவகிட்ட சொல்ல வெக்கம், மைக்கைப் போட்டு பிரிக்பீல்ட்ஸுக்கே சொல்லிட்டீங்க. இனிமே மறைக்க என்ன இருக்கு?"ன்னு கேட்டா. அவ சொல்றதும் சரிதான். அதனால வரேன். மணவறைக்குச் சாய்வுப் பலகை போடச் சொல்லு. மாத்து வேட்டி அண்ணி பையில இருக்கும். நடுவுல நான் நாற்காலியத் திருப்பினா "எங்க மாமா போறீங்க?"ன்னு யாரும் கேக்கக் கூடாது. கேட்டா சொல்லிடுவேன், எனக்கு இப்போ பழகிப்போச்சு. லோகேஸ்வரிக்கும் ஒரு பத்திரிகை அனுப்பு. மைக்கை எனக்கு எட்டாத இடத்துல வை, பாயாசத்தை எட்டற இடத்துல வை.