பதினொரு சிரிப்புள்ள பேய்ப்படம்

"வயிறு வலிக்கச் சிரிக்கலாம்னு எழுதியிருந்தீங்களே சார், எங்க வீட்டுக்காரர் ரெண்டு நாளா பாத்ரூம் கதவைச் சாத்தாம குளிக்கிறாரு!"

திங்கட்கிழமை காலை, பல்செட் செய்யும் அந்த லேபுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக முதலாளியம்மா பேய் சாரைப் பிடித்துக்கொண்டார். பேய் சாரின் கையில் அப்போது யாரோ ஒரு பெரியவருடைய கீழ்வரிசைப் பற்கள் இருந்தன. அவற்றை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"எந்தப் படம்மா?" என்றார், ஒன்றும் தெரியாதவர் போல.

"'ஈரத் தலையணை'! நீங்கதானே பலகையில எழுதிப் போட்டீங்க?"

போட்டவர் சாட்சாத் அவரேதான். பதின்மூன்று வருடங்களாக அந்த லேபில் கடைவாய்ப்பல்லைத் தவிர வேறு எதைப் பற்றியும் யாரும் அவரிடம் அபிப்பிராயம் கேட்டதில்லை. ஒருநாள் பேச்சுவாக்கில், யாருக்கும் தெரியாத ஒரு பேய்ப்படத்தின் பெயரைச் சொல்லிவைத்தார். பார்த்தவர்கள் வந்து கைகுலுக்கினார்கள். அன்றிலிருந்து தண்ணீர் கேனுக்கு மேலே இருக்கும் பலகையில் வாரம் ஒரு படம். ஊரே பார்க்கும் படமெல்லாம் அவருக்கு ஆகாது. எங்கோ ஒரு மூலையில் ஆறு பேர் சேர்ந்து எடுத்து, அந்த ஆறு பேர் மட்டுமே பார்த்த படமாக இருக்க வேண்டும். பேய் சார் என்ற பட்டம் வந்தது. கூடவே நடையிலும் ஒரு மிடுக்கு வந்து ஒட்டிக்கொண்டது.

வெளியே தெரியாத சங்கதி ஒன்று உண்டு. பேய் சாருக்குப் பேய் என்றால் குலைநடுக்கம். சனிக்கிழமை மத்தியானம் மனைவியோடு படம் பார்க்க உட்காருவார். பெயர்கள் ஓடி முடிந்ததும், "பல்லையே பார்த்துப் பார்த்துக் கண்ணு எரியுது" என்று சொல்லிக் குளியல் துண்டைத் தலையோடு போர்த்திக்கொள்வார். மீதிப் படமெல்லாம் காதால்தான். மனைவி எத்தனை தடவை சிரிக்கிறாள் என்று துண்டுக்குள்ளேயே விரல்விட்டு எண்ணுவார். ஒன்றிரண்டு என்றால் சுத்தமான பேய்ப்படம். நாலைந்து தேறினால் கொஞ்சம் நகைச்சுவை கலந்தது. 'ஈரத் தலையணை'க்குப் பதினொன்று. அதுவரை எந்தப் படமும் எட்டைத் தாண்டியதில்லை.

"அதைத் தனியா பார்க்கக் கூடாதும்மா" என்று சமாளித்தார். "பத்துப் பேரு கூட்டமா உக்காந்து பார்த்தாத்தான் அந்தச் சிரிப்பு வரும்."

தலை தப்பியது என்று அவர் மூச்சு விடுவதற்குள் முதலாளியம்மாவின் முகம் மலர்ந்தது.

"அதுக்கென்ன, வர்ற சனிக்கிழமை மத்தியானம் நம்ம ஹால்லயே போட்டுடுவோம்!"

"சிரிப்பு வரலைன்னா?" என்று மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது. அச்சு எடுக்க மாவு குழைக்கும் மாவு அண்ணன். அந்தப் பலகையின் மேல் அவருக்கு ஒரு வருடமாகக் கண். வெந்நீரின் மகிமை பற்றி மட்டுமே நாற்பது குறிப்புகள் எழுதி வைத்திருந்தார்.

"வரலைன்னா பலகை உங்களுக்கு அண்ணே" என்று முதலாளியம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

பேய் சார் பலகையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பலகை போனால் மறுபடியும் வெறும் கடைவாய்ப்பல்தான்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும் முன்பே கேட்டார். "ஏம்மா, அந்தத் தலையணைப் படத்துல நீ எங்கெங்க சிரிச்ச? கொஞ்சம் வரிசையா சொல்லேன்."

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். கேட்டதுமே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அதையெல்லாம் எப்படிங்க சொல்றது? நேர்ல பார்த்தாத்தான் புரியும்."

"அப்ப நீயும் சனிக்கிழமை வா. நீ சிரிச்சா மத்தவங்களுக்கும் தொத்திக்கும்."

"வர்றேனே" என்றாள். இவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் ஒத்துக்கொண்டதில்லை.

இனி துண்டுக்கு ஒரு வழி வேண்டும். வெள்ளிக்கிழமையே ஆரம்பித்து ஊருக்கு முன்னால் இருமினார், தும்மினார், மூக்கை உறிஞ்சினார். சளி என்றால் துண்டைப் போர்த்திக்கொண்டு ஓரமாக உட்காரச் சொல்வார்கள் என்று கணக்குப் போட்டார். முதலாளியம்மாவோ, "சளியோட வந்திருக்கீங்களே, உங்களுக்குத்தான் எவ்வளவு ஈடுபாடு!" என்று உருகிப்போய், முன்வரிசைக்கும் முன்னால், எல்லோரும் பார்க்கும்படி தனி நாற்காலி போட்டுவிட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டார்கள். புதுப் பல்செட் வகைகளைக் காட்ட வாங்கிய பழைய புரொஜெக்டரை மாவு அண்ணன் தட்டி உசுப்பினார். அது ஒரு செருமல் செருமிவிட்டு ஓடியது. கைக்கு ஏதாவது பிடிமானம் வேண்டுமே என்று பேய் சார், மேலும் கீழும் அசையும் மாதிரித் தாடை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டார். படத்தின் பெயர் விழுந்தது. அவர் தலைமேல் துண்டும் விழுந்தது.

முதலில் ஒரு கதவு கிரீச்சிட்டது. பிறகு எங்கோ தண்ணீர் சொட்டியது. பேய் சாரின் இரண்டு கால்களும் தாமாக நாற்காலிமேல் ஏறிக்கொண்டன. பின்னால் முணுமுணுப்பும் நாற்காலி நகரும் ஓசையும் கேட்டன. போச்சு, எழுந்து போகிறார்கள் என்று நினைத்தபோது அவர் காத்திருந்த சத்தம் வந்தது. மனைவியின் சிரிப்பு. அதைத் தொட்டு இன்னொரு சிரிப்பு. பிறகு ஒரு வரிசையே சிரித்தது.

படத்தில் ஒரு பெண் வீறிட்டாள். "வேண்டாம்மா, அந்த ரூமுக்குள்ள போகாத!" என்று பேய் சார் துண்டுக்குள் முனகினார். மடியில் தாடை கடகடவென்று அடித்துக்கொண்டது. ஹால் அதிர்ந்தது. மனைவியின் சிரிப்பு பதினொன்றைத் தாண்டி, பதினாறையும் தாண்டியதும், விரல்கள் தீர்ந்து அவர் எண்ணுவதை விட்டுவிட்டார்.

சரியாக அந்தத் தலையணை மூச்சுவிடும் கட்டத்தில், யாரோ அவர் தோளைத் தொட்டார்கள்.

"இதை எடுத்துக்க! என்னை விட்டுடு! ஒரு பல்லு கூடக் குறையல!" என்று அலறித் தாடையைப் பின்பக்கமாக நீட்டினார். அந்த நேரம் பார்த்துப் படத்தில் பிரமாதமான நகைச்சுவை ஏதோ வந்திருக்க வேண்டும். ஹாலில் இருந்த அத்தனை பேரும் மூச்சுத் திணறிச் சிரித்தார்கள்.

ஒரு மணி நேரம் கழித்து விளக்கு எரிந்தது. பேய் சார் துண்டை விலக்கிப் பார்த்தார். முதலாளியம்மா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். மாவு அண்ணன் விலாவைப் பிடித்துக்கொண்டு, அந்தத் தாடையோடு தரையில் உட்கார்ந்திருந்தார்.

"பலகை உங்களுக்கேதான் சார்" என்றார் மாவு அண்ணன். "வெந்நீரெல்லாம் இதுகிட்ட நிக்க முடியாது."

"அடுத்த சனிக்கிழமையும் போடணும்" என்றார் முதலாளியம்மா. "எந்தப் படமா இருந்தாலும் சரி. நீங்க இதே நாற்காலியில உக்காரணும், அவ்வளவுதான்."

பேய் சாருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மனைவி அவருடைய துண்டை வாங்கி ஆசையோடு மடித்தாள். பதின்மூன்று வருடத்தில் அந்த ஹாலில் இவ்வளவு சந்தோஷமாக அவர் நின்றதில்லை.

கிளம்பும்போது, லேபைக் கூட்டிப் பெருக்கும் அம்மா இன்னும் குலுங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். பாராட்டை இன்னும் ஒரு வாய் கேட்கலாமே என்று ஆசை.

"உங்களுக்கு எந்தக் காட்சிம்மா ரொம்பப் பிடிச்சுது?"

"காட்சியை எங்க தம்பி பார்த்தோம்? பேரு போட்டதுமே மெஷின்ல படம் நின்னு, கடைசிவரைக்கும் சத்தம் மட்டுந்தானே வந்துச்சு!"