மேடையேறிய லாட்வியா

"யாருங்க அந்த வெள்ளைக்கார அம்மா?" என்று கணவன் பூவரசனின் கையைக் கிள்ளினாள் அனுசுயா.

திருச்சிக் கல்லூரி ஒன்றில் அவளுடைய முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு தொடங்க இருந்தது. லாட்விய, பாலி மொழிகளில் பெயர்ச்சொற்களின் வேரும் வேற்றுமை உருபுகளும் என்பது தலைப்பு. பாலியை முறையாகப் படித்தவள்தான். ஐரோப்பாவின் ஏதோ ஒரு மூலையில் பேசும் லாட்வியத்தைப் புத்தகத்தில் பார்த்ததோடு சரி. இந்த ஊரில் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்ற தைரியத்தில் வருடங்களை ஓட்டிவிட்டாள். வெளியூரிலிருந்து வந்து மேடையில் உட்கார்ந்திருந்த தேர்வாளரோ, கேள்வி கேட்டே ஆளை அழவைப்பதில் பேர்போனவர். இன்று தேறினால்தான் வேலை நிரந்தரமாகும்.

பூவரசன் போய் விசாரித்துவிட்டு வந்தான்.

"லாட்வியாவாம் அனு! ஸ்ரீரங்கம் பாக்க வந்தாங்களாம்" என்றான், மேடைவரைக்கும் கேட்கிற குரலில்.

லாட்வியாக்காரியே கேட்க வந்துவிட்டால் அனுசுயாவின் குட்டு உடைந்துவிடுமே! நெறியாளர் ரங்கசாமியிடம் ஓடினாள்.

"சார், அந்த வெள்ளைக்கார அம்மாவ முதல்ல சாப்பிட அனுப்பிடலாமா?"

"விருந்தாளிய வெளிய அனுப்பறதா? நல்லா இருக்கே!"

தேர்வாளருக்கென்று வாங்கிய பொன்னாடையை அந்த அம்மாளுக்குப் போர்த்தி, மேடையில் தேர்வாளர் பக்கத்திலேயே உட்காரவைத்தார்.

"நான் பாலிய மட்டும் பேசிடறேன் சார்."

"அதெப்படிம்மா? அவங்க வந்திருக்கறப்ப லாட்வியம்தான் முதல்ல!" என்று ரங்கசாமி மைக்கிலேயே அறிவித்துவிட்டார்.

வேறு வழியில்லை. கடவுளைக் குறிக்கும் பாலிச் சொல் 'தேவோ', லாட்வியச் சொல் 'தியெவ்ஸ்', இரண்டுக்கும் வேர் ஒன்றே என்று ஆரம்பித்தாள். அந்த அம்மாள் புன்னகையோடு தலையாட்டினார். ஒவ்வொரு ஆட்டலுக்கும் அனுசுயாவுக்கு உயிர் போய் வந்தது.

கேள்வி நேரம் வந்தது. தேர்வாளர் பக்கத்து நாற்காலியைப் பார்த்தார், முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இவங்க முன்னாடி நான் என்னத்தக் கேக்கறது? எனக்குப் பரம திருப்தி."

டாக்டர் அனுசுயா! கைதட்டல் அடங்குவதற்குள் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அப்படியொரு நிம்மதி.

பந்தியில் அந்த அம்மாளைத் தேடிப்போய், லாட்விய உச்சரிப்பில் பிழையிருந்தால் மன்னிக்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டாள்.

அந்த அம்மாள் இலையிலிருந்து நிமிர்ந்தார்.

"அதெல்லாம் எனக்கென்னங்க தெரியும்? நான் பொறந்து வளந்ததெல்லாம் ஆரோவில். பாயசத்தோட சாப்பாடு, வாயை மட்டும் தொறந்துடாதீங்கன்னு உங்க வீட்டுக்காரர்தான் கூட்டிட்டு வந்தாரு!"