பிரின்சிபாலை நாலு பேர் பிடித்த நாள்

நாலுகை சாரோடு பத்து நிமிஷம் பேசிவிட்டுக் கோபம் வராமல் எழுந்து போனவர் இந்தப் புதுக்கோட்டை மாவட்டத்திலேயே கிடையாது. நான் அவருக்குப் பக்கத்து நாற்காலி. என் நிலைமையை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

குளத்தூர் பக்கம் ஒரு தனியார் பள்ளி. நான் வரலாறு, அவர் வேதியியல். "கார்பனுக்கு நாலு கை" என்று தொடங்காமல் அவர் எந்தப் பாடமும் நடத்தியதில்லை என்பதால் பிள்ளைகள் வைத்த பெயர் அது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்ப மாட்டார்.

அவருக்கு உலகத்தில் ஒரே கவலை. ஒரு கார்பன் எத்தனை கார்பனைப் பிடித்துக்கொண்டிருக்கிறது? ஒன்று என்றால் பிரைமரி, இரண்டு செகண்டரி, மூன்று டெர்ஷியரி. நாலு கையிலும் கார்பனே இருந்தால் குவாட்டர்னரி. கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்த பி.டி. மாஸ்டரை ஏற இறங்கப் பார்த்து, இதுவரைக்கும் உங்களைப் பிடித்திருந்தது அம்மா மட்டும், இனிமேல் நீங்கள் செகண்டரி என்றார். வாழ்த்து என்று நினைத்து அவரும் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

ஒருமுறை பஸ்ஸில் பழைய மாணவன் ஒருவனுக்குப் போனில் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். "உள்ளுக்குள்ள ஒரு குவாட்டர் இருக்குப்பா, நல்லாத் தேடு" என்று அவர் சொன்னது கண்டக்டர் காதில் விழுந்துவிட்டது. விசில் அடித்து, வண்டியை ஓரம் கட்டி, பையைத் திறக்கச் சொன்னார். உள்ளே டிபன் பாக்ஸும் விடைத்தாள் கட்டும்தான். அதோடு விட்டிருக்கலாம். இவர் கண்டக்டருக்கு விளக்க ஆரம்பித்துவிட்டார். புரிந்துவிட்டது என்று சொல்லிவிடும்படி பஸ்ஸே கண்டக்டரைக் கெஞ்சியது.

இப்படிப்பட்டவர் கையில்தான் அந்த மாடல் தேர்வு விடைத்தாள் வந்து சேர்ந்தது. கேள்வித்தாளும் விடைக்குறிப்பும் பிரின்சிபால் தயாரித்தவை. அவரும் ஒரு காலத்தில் வேதியியல் வாத்தியார். ஐசோ ஆக்டேன் படத்தைப் போட்டு, இதில் எத்தனை டெர்ஷியரி கார்பன் என்று கேட்டிருந்தார். இரண்டு என்றது குறிப்பு. ஒன்றுதான் என்றார் நாலுகை. சரியாக எழுதியிருந்தது வகுப்பிலேயே மூன்று பேர். மற்றவர்கள் பிரின்சிபால் கொடுத்த நோட்ஸை அப்படியே எழுதியிருந்தார்கள். அன்று சாயங்காலம் பெற்றோர் கூட்டம். மார்க் வாசித்தாக வேண்டும். அதை வைத்துத்தான் ஸ்பெஷல் வகுப்புக்கு ஆள் எடுப்பார்கள்.

நாலுகை சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். மதியமும் ஆனது. ஒரு தாளும் திருத்தவில்லை.

பிரின்சிபாலே ஸ்டாஃப் ரூமுக்கு வந்தார். குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"குறிப்புல என்ன இருக்கோ அதுக்கு மார்க் போடுங்க."

"போட்டா சரியா எழுதுன மூணு புள்ளைக்கும் முட்டைங்க."

"ரெண்டு கார்பன்லயும் கிளை இருக்குல்ல?"

"கிளையப் பாக்கக் கூடாதுங்க. அது எத்தன பேரப் புடிச்சிருக்குன்னு எண்ணணும்."

பிரின்சிபால் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார். திருத்த முடியாதென்றால் அதையாவது எழுதிக் கொடுத்துவிட்டு வேலையை விட்டுப் போகலாம் என்று சொல்லிவிட்டு வெளியேறினார். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு இந்த மனுஷன் எங்கே போவார்?

அவர் தாளைத் தொடவில்லை. எழுந்து நின்று, ஐசோ ஆக்டேனில் எட்டுக் கார்பன், எட்டுப் பேர் வேண்டும் என்றார். என்னையும் பி.டி. மாஸ்டரையும் சேர்த்து ஏழு பேரை வராந்தாவுக்கு இழுத்துப்போய், கையைப் பிடித்தும் தோளைத் தொட்டும் ஒரு வரிசையாக நிறுத்தினார். நடுவில் ஒரு இடம் காலியாக இருந்தது. சத்தம் கேட்டு, நிறுத்தச் சொல்ல வந்தார் பிரின்சிபால்.

"ஐயா, ஒரு நிமிஷம் இங்கிட்டு வந்து நில்லுங்க. பெறகு நான் எழுதித் தர்றேன்."

என்ன நினைத்தாரோ, வந்து நின்றார். இரண்டு பேர் அவருடைய இரண்டு கைகளைப் பிடித்தார்கள். ஒருவர் இடது தோள். வலது தோள் எனக்கு. என் இன்கிரிமென்ட் யார் கையெழுத்தில் வருமோ அவர் தோளில் என் கை கிடந்தது. என் மற்றொரு கையில் பி.டி. மாஸ்டர். அவரைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் இன்னும் இரண்டு பேர்.

அந்த நேரம் பார்த்துப் பெற்றோர்கள் கேட்டுக்குள் நுழைந்தார்கள். அவர்கள் கண்ட காட்சி, பிரின்சிபாலை நாலு ஆசிரியர்கள் அமுக்கிப் பிடித்திருப்பது. முதலில் வந்தவர் நின்றுவிட்டார். பின்னால் ஒருவர் போனைத் தூக்கினார். மெதுவாக ஒருவர் கேட்டார்: "சார எதுக்குங்க புடிச்சு வச்சிருக்கீங்க?"

கையை எடுக்கவும் பயம், எடுக்காமல் இருக்கவும் பயம்.

"எண்ணிப் பாருங்கய்யா" என்றார் நாலுகை. "மாஸ்டர மூணு பேரு, அவரு டெர்ஷியரி. ஒங்கள?"

பிரின்சிபால் தன்மேல் இருந்த கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். என் கையைச் சற்று அதிகமாகவே பார்த்தார்.

"நாலு" என்றார். பிறகு பெற்றோர்களிடம் திரும்பி, "பாடம் நடக்குதுங்க. உள்ள போயி உக்காருங்க, வாரேன்" என்றார்.

கூட்டத்தில் அவரே எழுந்து சொன்னார், விடைக்குறிப்பில் தப்பு, அது தன்னுடையது, மார்க் நாளைக்கு வரும் என்று. அதற்குப் பிறகு அந்த வருஷம் முழுக்க அவர் நாலுகையோடு தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த கேள்வித்தாளை மட்டும் அச்சுக்குப் போகுமுன் பியூனிடம் கொடுத்தனுப்பினார், ஒருமுறை பார்த்துவிடச் சொல்லி.

அன்று கூட்டம் கலைந்ததும் நாலுகை நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். சட்டை முழுக்க நனைந்திருந்தது. நிஜமாகவே எழுதித் தந்திருப்பீர்களா என்று கேட்டேன்.

"தந்துருப்பேங்க. அதான் பயந்து கெடந்தேன்."

பேனா மூடியைத் திறந்து முதல் தாளை எடுத்தார். வெளியே என் பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போனது. எனக்கு வேதியியல் ஒரு எழுத்தும் தெரியாது, உதவி செய்யவும் முடியாது. கடைசித் தாள் முடிகிறவரை சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.