தாடை பூட்டிக்கொண்டதால் கூடிவந்த சம்பந்தம்

திருவண்ணாமலை,
வைகாசி 28.

அன்பும் பண்பும் மிக்க மைத்துனர் ராமதாஸ் அவர்களுக்கு,

ராஜமாணிக்கம் எழுதிக்கொள்வது. இங்கு நானும், தங்கள் தமக்கை உண்ணாமலையும், மகள் கவிநிலாவும் அண்ணாமலையார் அருளால் நலம், என் இடது தாடை நீங்கலாக. ஓசூரில் தாங்கள் அனைவரும் தாடை உட்பட நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். கையில் செல்போனை வைத்துக்கொண்டு மாமா ஏன் கடிதம் எழுதுகிறார் என்று தாங்கள் வியக்கலாம். வாய் திறக்கலை மச்சான், அதான். வாட்ஸப்புல தட்டினா நாலு வரிக்கு மேல எனக்கு வராது. இதுவோ நாலு வரியில அடங்குற சந்தோஷம் இல்ல. கவிநிலாவுக்கு வரன் அமைஞ்சிடுச்சுடா!

முதல்லேருந்து சொல்றேன். மாசி மாசம் இடது காதுல குத்தல். காத்து பூந்துடுச்சுன்னு உங்கக்கா மப்ளர் கட்டிவிட்டா. வைகாசி பொறக்கிற வரைக்கும் அதோடயே ஓட்டினேன். அப்புறம் காது டாக்டர் லைட் அடிச்சுப் பாத்துட்டு, காது சுத்தமா இருக்கு, போய் பல்லைக் காட்டுங்கன்னார். பல் டாக்டரம்மா ஒவ்வொரு பல்லாத் தட்டிப் பாத்துட்டு, பல்லுல ஒரு குறையும் இல்லன்னாங்க. அப்ப வலி என்ன பக்கத்து வீட்டுக்காரனுக்கான்னு கேட்டேன். அந்தம்மா சிரிச்சுட்டு, காதுக்கு முன்னாடி ரெண்டு விரலை வெச்சு, வாயைத் தொறந்து மூடச் சொன்னாங்க. டக்குனு ஒரு சத்தம், தள்ளி உக்காந்திருந்த உங்கக்காவுக்கே கேட்டுச்சு. தாடை மூட்டுல கோளாறாம். முழங்கால் மாதிரி தாடைக்கும் மூட்டு இருக்குன்னு அம்பத்தெட்டு வயசுல தெரிஞ்சுக்கிட்டேன். ராத்திரி தூக்கத்துல பல்லைக் கடிப்பாரான்னு அந்தம்மா கேட்டதுதான் தாமதம், எலி கொப்பரையக் கொறிக்கிற மாதிரி இருபத்தாறு வருஷமா கடிக்கிறாருங்கன்னு உங்கக்கா மானத்தை வாங்கிட்டா. பத்தாததுக்கு என் தொழில் வேற. மண்டிக்கு வர்ற மல்லாட்டைய, அதான் உங்க ஊர் வேர்க்கடலைய, கடிச்சுப் பாத்துதானே காய்ஞ்சிருக்கா இல்லியான்னு சொல்லணும்! மனசுல கவலை இருந்தாலும் தாடை இறுகுமாம். பொண்ணுக்கு வரன் அமையாத கவலைன்னேன். ரெண்டு வாரம் குழைஞ்ச சோறு, இட்லி. முறுக்கு, கரும்பு, மல்லாட்டை கூடாது. ரெண்டு வேளை சுடு ஒத்தடம். கொட்டாவி வந்தா முகவாய்க்கட்டைக்குக் கீழ முஷ்டிய முட்டுக்கொடுக்கணும். உதடு சேரலாம், பல்லு சேரக்கூடாது. ராத்திரி பல்லுல மாட்டிக்கிட்டுத் தூங்க அச்செடுத்து ஒரு தகடு தர்றேன்னாங்க. பேச்சையும் கம்மி பண்ணுங்கன்னாங்க. நான் கேட்டேனா? மறுநாளே நாலு கொட்டை கடிச்சு, முட்டுக்கொடுக்காம ஒரு கொட்டாவியும் விட்டேன். வாய் ஒரு விரல் அகலத்துக்கு மேல தொறக்கலை. ஓடினேன். அந்தம்மா திட்டிட்டு, பயப்படாதீங்க, ஆபரேஷன் எல்லாம் வேணாம், சொன்னபடி இருந்தா தானா விடும்னாங்க.

இதுக்கு நடுவுல பௌர்ணமி. கிரிவலத்தை விடலாமா? சுடுஉப்பு முடிச்சைத் தாடையில வெச்சு, காவித்துண்டால தலையோட சேத்துக் கட்டிக்கிட்டு, நெத்தி நிறைய விபூதியோட சாயங்காலமே கிளம்பிட்டேன். அடி அண்ணாமலை கோயில் கிட்ட கால் வலிச்சுதுன்னு ஒரு மரத்தடியில உக்காந்தேன். ஒரு அம்மா வந்து வாழைப்பழத்தை வெச்சுட்டு விழுந்து கும்பிட்டுது. இல்லம்மான்னு சொல்லப் போனா 'ம்ம்ம்'னுதான் வருது. அவ்ளோதான், பின்னாடியே க்யூ! வேற ஊரா இருந்தா தாடை வலின்னு நினைச்சிருப்பாங்க. நம்மூருல பேசாம உக்காந்தா சாமி.

ஏழாவதா வந்தவரு கீழ்பென்னாத்தூர் பலராமனாம். கண்ணை மூடிக்கிட்டு மனசுல உள்ளதைக் கொட்டுறாரு: "சாமி, என் பையனுக்கு இந்த ஊர்ல மல்லாட்டை மண்டிக்காரர் பொண்ணு ஜாதகம் பொருந்தியிருக்கு, கவிநிலான்னு பேரு. பொண்ணு தங்கம். ஆனா என் வீட்டுக்காரி சந்திரம்மாள் வாயைத் தொறந்தா மூட மாட்டா. வர்ற சம்பந்தியும் வாயாடியா இருந்தா நான் எங்க சாமி போவேன்? அந்தாளு பேசாதவருதானே?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஆமான்னு வேகமாத் தலையாட்டினேன், முடிச்சே அவுந்து விழப் பார்த்துச்சு. மனுஷன் கண் கலங்கிப் போனாரு.

ஞாயித்துக்கிழமை பொண்ணு பாக்க வந்தாங்க. முகத்துல துண்டும் இல்ல, விபூதியும் இல்ல, அவருக்கு என்னை அடையாளம் தெரியலை. மூணு மணி நேரம் நான் ஒரு வார்த்தை பேசலை. அவரு எப்பவுமே அப்படித்தாங்கன்னு உங்கக்கா கூசாமச் சொன்னா. போன வருஷம் வந்த வேலூர்க்காரங்ககிட்ட, பையனுக்கு முடி கம்மியா இருக்கே, பரம்பரையான்னு விசாரிச்சேன், காபியக் கூடக் குடிக்காம எழுந்து போனாங்க. அன்னிக்குக் கவிநிலா உள்ள போய் அழுதது இன்னும் என் நெஞ்சுல கிடக்கு. இந்தத் தடவை அவ முகத்துல சிரிப்பைப் பாத்தேன் மச்சான். தாடை வாழ்க! ஆனி பன்னெண்டு நிச்சயதார்த்தம். நீ அன்னிக்குக் காலையில வந்தா போதும், சபையில பேச வேண்டியதை எல்லாம் நீதான் பேசணும். தாடை குணமானாலும் கல்யாணம் முடியற வரைக்கும் நான் வாயைத் தொறக்க மாட்டேன், இது சத்தியம். மரத்தடி விஷயம் யாருக்கும் தெரியக்கூடாது.

தங்கள் இல்லத்தார் அனைவருக்கும் எங்கள் ஆசிகள். குழந்தைகளுக்குக் கரும்பு வாங்கித் தர வேண்டாம்.

இப்படிக்கு,
அன்பு மாமா,
ராஜமாணிக்கம்

பி.கு.: கவரை ஒட்டறதுக்கு முன்னாடி, டாக்டரம்மா சொன்னபடி நாக்கை மேலண்ணத்துல வெச்சு மெதுவா வாயைத் தொறந்து பாத்தேன். மூணு விரல் போகுது! சந்தோஷம் தாங்காம சம்பந்திக்கு போன் போட்டு, நான்தான் அந்த சாமின்னு ஆரம்பிச்சு, அவரு சொன்னது, நான் தலையாட்டினது எல்லாத்தையும் சொல்லிட்டேன். அவரு ஸ்பீக்கர்ல போட்டிருந்தாராம். சம்பந்தியம்மா போனைப் பிடுங்கினாங்க. போச்சு, எம்பொண்ணு வாழ்க்கையில மறுபடியும் மண்ணை அள்ளிப் போட்டேன்னு நெனைச்சேன். ஒண்ணரை மணி நேரம் பேசினோம். "இருபத்தெட்டு வருஷமா இந்த வீட்ல எனக்குப் பதில் பேச ஆளில்ல அண்ணே. ஆனி வரைக்கும் எதுக்கு, வர்ற வெள்ளிக்கிழமையே நிச்சயம் பண்ணிடலாம்"னாங்க. பலராமன் ஏதோ சொல்ல வந்தாரு, எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல அவருக்கு எடம் கிடைக்கலை. அதனால நீ இந்தக் கடுதாசி கைக்கு வந்ததுமே பஸ் ஏறு மச்சான். சபையில பேச இல்ல, அதை நாங்க பாத்துக்கறோம். அந்த மனுஷன் பக்கத்துல சும்மா உக்காந்திருக்க ஒரு ஆள் வேணும்.