கோப்பைக்கு ஒருவர்

மனித குலம் எண்ணக் கற்றுக்கொண்டு பல்லாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் எதை எண்ணக்கூடாது என்று கண்டுபிடித்த பெருமை அகமதாபாத்தின் நடைபாதை ஒழுங்கு வாரியத்தையே சேரும். அந்த வாரியத்தின் உறுப்பினர் செயலராகப் பன்னிரண்டு ஆண்டுகள் கூட்டக் குறிப்பு எழுதியவன் என்ற தகுதியில் இதைப் பதிவு செய்கிறேன். என் குறிப்புகளில் பிழை இருந்ததில்லை. ஒருமுறை தலைவர் தும்மியதைக்கூட நேரம் போட்டு எழுதியிருக்கிறேன்.

எங்கள் வாசலுக்கு நேர் எதிரே, வேப்பமரத்தடியில், தன்சுக்பாயின் கிட்லி இருந்தது. டீக்கடையை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். கெட்டிலின் பெயரே கடைக்கு ஆகிவிட்டது. ஓர் அடுப்பில் தன்சுக்பாய் இஞ்சியை நசுக்கிப் போட்டு, புதினாவும் எலுமிச்சைப்புல்லும் கிள்ளிப் போட்டு டீ கொதிக்க வைப்பார். இன்னோர் அடுப்பில் அவர் மனைவி ஹன்சாபென் தால்வடா பொரிப்பார். எங்கள் ஊரில் ஆண்கள் எல்லாரும் பாய், அதாவது அண்ணன்; பெண்கள் எல்லாரும் பென், அதாவது அக்கா. காலையில் வெண்ணெய் தடவிய மஸ்கா பன்னும் உண்டு. இருபத்திரண்டு வருடமாக இதுதான் அவர்கள் பிழைப்பு.

எங்கள் ஊரில் யாரும் முழு டீ குடிப்பதில்லை. இது வறுமை அல்ல. கஞ்சத்தனமும் அல்ல, அதைப் பற்றி மற்ற ஊர்க்காரர்களின் கருத்து எங்களுக்குத் தேவையில்லை. ஒரு டீ சொன்னால் கோப்பையில் இருப்பது ஒருவருக்கு, சாசரில் ஊற்றியது இன்னொருவருக்கு. மூன்றாமவர் வந்தால் காலி கிளாஸ் ஒன்று கேட்டு வாங்குவார்கள். யாராவது தனியாக உட்கார்ந்து முழுக் கோப்பையையும் குடித்தால் ஹன்சாபென் பதறிவிடுவார்.

"என்ன பாய், வீட்ல சண்டையா?"

மாலை நான்கு மணிக்கு அவர்கள் இருவரும் ஒரு டீயைப் பகிர்ந்துகொள்வார்கள். கோப்பையை மனைவிக்குக் கொடுத்துவிட்டு தன்சுக்பாய் சாசரை ஊதி ஊதிக் குடிப்பார். தாம்பத்திய விவகாரம் என்பதால் இது வாரியத்தின் வரம்புக்குள் வரவில்லை.

நானும் தினம் இரண்டு வேளை அங்கே குடித்தேன். எங்கள் தலைவர் விபாகர் சாகேப் வாங்கும் டீயில் கோப்பை அவருக்கு, சாசர் எனக்கு. அந்தச் சாசரைப் பெறுவதற்கு எத்தனை பேர் முயன்றார்கள் என்பதை அடக்கம் கருதித் தவிர்க்கிறேன்.

இந்நிலையில்தான் வாரியம் 'பாரம்பரிய கிட்லிப் பாதுகாப்புத் திட்டம்' கொண்டுவந்தது. தினம் முந்நூறு வாடிக்கையாளர் வரும் கடைகள் பாதுகாக்கப்படும். மற்றவை இன்னும் சிறப்பாகப் பாதுகாக்கப்படும். அதாவது, வேறு இடத்துக்கு அனுப்பப்படும். காலியாகும் இடத்தில் 'தேநீர் அனுபவ மேடை' எழுப்பப்படும்.

முதல் கூட்டத்தில் ஏழு உறுப்பினர்களும் இருந்தோம். தலைவர் கண்களை மூடிக் கேட்டார்: "வாடிக்கையாளர்னா யாரு?"

இவ்வளவு ஆழமான கேள்வி அந்தக் கட்டடத்தில் கேட்கப்பட்டதே இல்லை.

"டீ குடிக்கறவங்க சாகேப்" என்றார் ஓர் உறுப்பினர்.

"அது ரோட்ல போறவன் சொல்ற பதில். நாம வாரியம்."

உத்பல் எழுந்தார். எழுவரில் ஒருவர், எங்கள் புள்ளிவிவர அதிகாரி. வெளிநாட்டில் ஆறு வாரம் பயிற்சி பெற்றவர். திரும்பி வந்ததிலிருந்து எதையும் 'தரவு' என்றே சொல்பவர். தன் பிள்ளைகளையும்.

"ஆளை எண்ணவே முடியாது சாகேப். வர்றான், போறான், மறுபடி வர்றான். ஒருத்தன் கோப்பையில குடிக்கிறான், ஒருத்தன் சாசர்ல குடிக்கிறான், ஒருத்தன் சும்மா நிக்கிறான். கோப்பை அப்படியில்ல. ஒரே இடத்துல இருக்கும், பொய் சொல்லாது. கோப்பைக்கு ஒருத்தர்னு வச்சுக்கிட்டா சுத்தமான தரவு கிடைக்கும்."

"பிரமாதம்!" என்றார் தலைவர்.

அப்போது தன்சுக்பாய் டீயோடு உள்ளே வந்தார். ஏழு பேருக்கு மூன்று டீ சொல்லியிருந்தோம். மூன்று கோப்பை, மூன்று சாசர், ஒரு காலி கிளாஸ் கொண்டுவந்திருந்தார்; எங்களைத் தெரிந்தவர். 'கோப்பைக்கு ஒருவர்' விதி ஒருமனதாக நிறைவேறியது. நானும் வழக்கமான துல்லியத்தோடு எழுதினேன்: 'பிற்பகல் 3.15: மூன்று கோப்பை தேநீர் வந்தது. 3.20: விதி ஏற்கப்பட்டது.'

மறுநாள் காலை உத்பல் கையில் எண்ணும் கருவியோடு பெஞ்சில் போய் உட்கார்ந்தார். கோப்பை ஒன்று நகர்ந்தால் ஒரு டிக். நான் மேற்பார்வைக்குப் போயிருந்தேன்.

"என்ன உத்பல்பாய், ஜபமா?" என்றார் ஹன்சாபென், எண்ணெயிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"வாடிக்கையாளரை எண்ணறேன் பென்."

"இந்த பெஞ்சுல நாலு பேர் இருக்காங்க. ரெண்டு தடவைதான் அழுத்தினீங்க."

"கோப்பை ரெண்டுதானே?"

"வயிறு நாலு இருக்கே!"

"வயித்துக்குப் படிவத்துல இடமில்ல பென்."

பக்கத்தில் இருந்த ஆட்டோக்காரர் சாசரிலிருந்து வாயை எடுத்தார். "அப்ப நான் யாரு சாகேப்?"

"நீங்க சாசர்."

"எங்க வீட்டுக்காரியும் இதையேதான் வேற மாதிரி சொல்றா" என்று ஆட்டோக்காரர் மிச்சத்தை உறிஞ்சினார். பெஞ்சு முழுக்கச் சிரித்தது. ஹன்சாபென் சிரிக்கவில்லை. ஜல்லிக்கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"கிரீட்பாய், இது விளையாட்டில்லையே?"

"துல்லியம் பென், துல்லியம்" என்றேன்.

பதினொரு மணிக்கு உத்பலுக்குத் தொண்டை வறண்டது. ஆட்டோக்காரர் தன் அடுத்த டீயில் பாதியைச் சாசரில் ஊற்றி நீட்டினார். உத்பல் குடித்தார். ஆனால் அதற்காகக் கருவியைக் கூடுதலாக ஒருமுறை அழுத்தவில்லை. நேர்மை என்றால் அது.

மாலை முடிவில் கருவி காட்டியது நூற்று நாற்பத்தெட்டு. முந்நூறில் பாதிகூட இல்லை. பதினைந்து நாளில் காலி செய்து, வட்டச்சாலைக்கு அப்பால் ஒதுக்கிய இடத்துக்குப் போகும்படி அறிவிப்பு ஒட்டினோம். இன்னும் திறக்காத ஒரு கிடங்கின் சுற்றுச்சுவர் ஓரம் அது. காற்றோட்டமான இடம். காற்றைத் தவிர வேறு எதுவும் அந்தப் பக்கம் போவதில்லை.

தன்சுக்பாய் அறிவிப்பை இரண்டு முறை படித்துவிட்டு அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தார். எந்தக் கவலைக்கும் அவர் அதைத்தான் செய்வார். ஹன்சாபென் வேறு வேலை செய்தார். எங்கள் வாரியம் ஒளிவுமறைவற்றது. கூட்டக் குறிப்புகளை வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் தொங்கவிடுவோம். யாரும் படித்ததில்லை என்பதால் தொடர்ந்து தொங்கவிட்டு வந்தோம். அவர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு பகல் முழுக்க நின்று படித்தார்.

அவர் கொடுத்த மேல்முறையீடு விசாரணைக்கு வந்த நாளன்று ஏழு பேரும் கூடினோம். வழக்கம்போல மூன்று டீ சொன்னோம். தன்சுக்பாய் கொண்டுவந்து பங்கிட்டு வைத்துவிட்டுச் சுவரோரம் நின்றார். ஹன்சாபென் மேசைக்கு முன்னால் வந்தார். கையில் மாவு காய்ந்திருந்தது.

"நயனாபென் உடம்பு இப்ப பரவாயில்லையா கிரீட்பாய்?" என்று முதலில் என்னைக் கேட்டார். என் மனைவியைப் பற்றியது. நிகழ்ச்சிநிரலில் இல்லாததால் நான் பதில் சொல்லவில்லை.

பிறகு தலைவரிடம் திரும்பினார்.

"சாகேப், கோப்பைக்கு ஒருத்தர். அதானே விதி?"

"அதேதான்."

"கூட்டம் நடத்தறதுக்குக் குறைஞ்சது எத்தனை பேர் வேணும்?"

"அஞ்சு" என்றேன் நான். விதிகளைச் சொல்லும்போது என் குரல் தானாகவே கணீரென்று வரும்.

"அந்த விதியைப் போட்ட அன்னிக்கு எத்தனை பேர் இருந்தீங்க?"

"ஏழு பேரும் இருந்தோம்" என்றார் தலைவர் பெருமையாக.

"கிரீட்பாய் அப்படி எழுதலையே. மூணேகால் மணிக்கு மூணு கோப்பை வந்துச்சுன்னு எழுதியிருக்காரு. அப்ப இந்த ரூம்ல மூணு பேருதான் இருந்திருக்கீங்க. அஞ்சு பேர் இல்லாம போட்ட விதி எப்படி சாகேப் செல்லும்?"

ஓர் உறுப்பினர் கையிலிருந்த சாசரை மெதுவாக மேசைக்கு அடியில் இறக்கினார். காலி கிளாஸ் கிடைத்திருந்தவர் அதைத் தன் சட்டைப்பைக்குள் வைக்கப் பார்த்தார், போகவில்லை.

"உத்பல்?" என்றார் தலைவர்.

உத்பல் தாளில் ஏதோ போட்டுப் பார்த்தார். "தரவுப்படி… அந்தம்மா சொல்றது சரி சாகேப். இப்பவும் நாம மூணு பேருதான்."

இந்த இடத்தில் சாதாரணமான ஒரு வாரியம் தோற்றுப்போயிருக்கும். தன் தவறை ஒப்புக்கொண்டு, அறிவிப்பைக் கிழித்துப் போட்டிருக்கும். விபாகர் சாகேப் கோப்பையை நிதானமாகக் குடித்து முடித்தார். பிறகு நான் எழுத, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்:

"பொதுமக்களைக் கோப்பையால் எண்ண வேண்டும். உறுப்பினர்களைத் தலையால் எண்ண வேண்டும். இத்திருத்தம் சென்ற மாதம் முதலே நடைமுறையில் இருந்ததாகக் கொள்ள வேண்டும்."

ஹன்சாபென்னுக்குக் கொஞ்ச நேரம் புரியவில்லை. புரிந்ததும் கேட்டார்: "அப்ப எங்களுக்குத் தலை இல்லையா சாகேப்?"

"இருக்கு பென், யாரு இல்லேன்னது?" என்றார் தலைவர் கனிவோடு. "அதை எண்ண மாட்டோம், அவ்வளவுதான்."

சுவரோரத்திலிருந்து தன்சுக்பாய் அன்று முதல் முறையாக வாயைத் திறந்தார். "வா ஹன்சா. எண்ணெய் அடுப்புல இருக்கு."

வாக்கெடுப்பு நடந்தது. என் கையில் சாசர் இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தூக்கினேன். ஏழு கை. குறிப்பில் எழுதினேன்.

இப்போது வேப்பமரத்தடியில் தேநீர் அனுபவ மேடை இருக்கிறது. வேப்பமரம் இல்லை, அது மேடையின் வரைபடத்தில் வரவில்லை. பொத்தானை அழுத்தினால் இயந்திரம் காகிதக் கோப்பையில் டீ தரும். சாசர் கிடையாது. நாற்காலிகளை ஒன்றரை மீட்டர் இடைவெளியில் தரையோடு பொருத்தியிருக்கிறோம். தினம் அறுபது பேர் வருகிறார்கள். ஆளுக்கொரு கோப்பையைப் பிடித்துக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், முழு டீயையும் குடிக்கிறார்கள். வீட்டில் என்ன சண்டை என்று யாரும் கேட்பதில்லை. ஆள் அறுபது, கோப்பை அறுபது. இவ்வளவு சுத்தமான தரவை உத்பல் பயிற்சிக்குப் போன நாட்டில்கூடப் பார்த்ததில்லையாம்.

திட்டத்தின் வெற்றியை ஆராய, சென்ற மாதம் அவரை வட்டச்சாலைக்கு அப்பால் அனுப்பினோம். ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து எண்ணிவிட்டு வந்தார்.

"எத்தனை?" என்றார் தலைவர்.

"ஒண்ணு சாகேப்."

"பரவாயில்லையே, தொடக்கம்தானே. யாரு?"

உத்பல் கருவியைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றார். "நாலு மணிக்கு அவங்க ரெண்டு பேரும்தான். ஒரு டீ போட்டாங்க. கோப்பை அந்தம்மாவுக்கு, சாசர் அந்தாளுக்கு."

"ரெண்டு பேர்னு எழுதிடாதீங்க" என்றார் தலைவர். நான் ஒன்று என்று எழுதினேன்.

நேற்று திட்டத்துக்கு விருது அறிவித்திருக்கிறார்கள். ஏற்புப் படிவத்தில் ஒரு கேள்வி: 'அகற்றப்பட்ட கடையுடன் உறுப்பினர் எவருக்கேனும் தனிப்பட்ட தொடர்பு இருந்ததா?' மற்ற ஆறு பேரும் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்கள். நான் அப்படிப்பட்டவன் அல்ல. நன்றாக யோசித்தேன். பன்னிரண்டு ஆண்டுகள் நான் குடித்ததெல்லாம் தலைவரின் கோப்பையிலிருந்து வந்த சாசர். நயனா டைபாய்டில் மருத்துவமனையில் கிடந்த ஒன்பது நாளும் ஹன்சாபென் கடையைக் கணவரிடம் விட்டுவிட்டு, பஸ் பிடித்து வந்து, அவளுக்கு இஞ்சி டீ ஊட்டினார். எனக்கும் ஊற்றிக் கொடுத்தார். அதுவும் பிளாஸ்க் மூடியில்தான். மூடி கோப்பை ஆகாது.

விதியை மறுபடி ஒருமுறை சரிபார்த்தேன். கூட்டத்தில்தான் நான் தலை; கடையில் கோப்பைக்கு ஒருவர். 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கடைக்கு நான் போனதே இல்லை.